வங்காலைக்கு வரும் பறவைகள்



கொழுந்தெடுத்த என் அம்மாவுக்கு நின்று ஒரு குருவி பார்க்க நேரமிருந்ததில்லை. சப்ரகமுவத் தோட்டத்திலிருந்து பணி நிமித்தம் மன்னார் சென்றபோது, வங்காலைச் சதுப்போரம் ஓர் அக்காவோடு நடந்தேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்து மீண்டவர். காணாமற்போன மகனுக்காகக் கந்தோர் கந்தோராக அலைபவர்.

ஆழமற்ற உப்புநீரில் பூநாரைகள் தலைகுனிந்து இரை தேடின. வடதேசக் குளிருக்குத் தப்பி வந்த ஊசிவால் வாத்துகளும் நின்றன. 2008இல் சரணாலயமான இவ்விடம், 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

“நாங்கள் இல்லாத வருஷங்களிலும் இதுகள் வந்திருக்கும், தங்கச்சி. இப்பதான் நான் நிண்டு பார்க்கிறன்” என்றார். அந்த அரை மணித்தியாலமும் பறவைகளைப் பற்றியே பேசினோம்.

உங்கள் ஊரருகே குளமோ சதுப்போ இருந்தால், விடியலில் இரண்டு மூன்று பேராகப் போய்ப் பாருங்கள். பழகிய பாதையை விட்டு இறங்காதீர்கள். வீட்டுவேலை சற்றுக் காத்திருக்கட்டும்.