பரண் மேல் தூங்கும் மூச்சு மிஷின்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்திரத்தின் முன்னால் தூங்கி விழுகிறார் ஒருவர். ஆவடி ரெயிலில் நின்றபடியே உறங்குகிறார் இன்னொருவர். பூந்தமல்லி சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் சொருகுகிறார் லாரி டிரைவர். வேலைக் களைப்பாகவே இருக்கலாம். பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஆப்னியா'வாகவும் இருக்கலாம்! ரத்தக் கொதிப்பையும் கூட்டிக்கொண்டு வருகிற வியாதி இது.

ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் அறிவித்த 'சீபேப்' மிஷின் இதற்குக் கைகண்ட வழி. மூக்கில் மாஸ்க் மாட்டினால், காற்றழுத்தம் தொண்டையை அடைக்க விடாது.

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். பத்தாம் நாள் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்! "மூக்கு வறண்டு போகுதுங்க", "காத்து கண்ணுல அடிக்குது"... இவ்வளவுதான் காரணம். மாஸ்க் அளவை மாற்றினால், காற்றில் ஈரத்தைக் கூட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதைக் கேட்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, சென்டிரலுக்கு ரெயில் ஏறி பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் போவார்?

போனிலேயே கேட்டால் என்ன? மோடம் உள்ள மிஷின், இரவில் எத்தனை மணி நேரம் மாட்டினார், எவ்வளவு காற்று கசிந்தது என்று டாக்டருக்கே சொல்லிவிடும். இரவுக்கு 4 மணி நேரம், பத்து நாளில் ஏழு நாளாவது மாட்ட வேண்டும் என்பது கணக்கு. குறைந்தால் உடனே கூப்பிட வேண்டும். முதல் வாரத்திலேயே கூப்பிட்டால் ரொம்ப நல்லது. அப்போது விட்டவர் பிறகு தொடுவது அபூர்வம்!

போன் வைத்தியத்துக்கு மத்திய அரசு 2020-லேயே விதிமுறை வகுத்துவிட்டது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. அப்படி வீட்டுக்குப் போகும் ஊழியர், "மிஷினை மாட்டுறீங்களா ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். போன் பழக்கமில்லாத பெரியவர் என்றால், அவரே டாக்டரைக் கூப்பிட்டுப் பேசவைக்கட்டும்.