பத்து வகுப்புக்கு வந்தவர்கள் யார்?

யோகா சிகிச்சை தரும் நம் துறையினர் மேடையில் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு யோகா-கேர். துரைராஜ் பிரபாகரன் குழுவினர் இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு 12 வாரங்களில் 13 யோகா வகுப்புகள். மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆலோசனை. 2020இல் முடிவு வெளியானது. இறப்பு, மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்க்காக அவசரமாக மருத்துவமனையில் சேர்வது எல்லாம் சேர்த்து யோகா குழுவில் 6.7 விழுக்காடு, மற்றதில் 7.4. தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய வித்தியாசம் இது. பழைய அன்றாட வேலைகளுக்குத் திரும்புவதிலும், தம் உடல்நலத்தைத் தாமே மதிப்பிட்டதிலும் யோகா குழு தெளிவாக முந்தியது. அதுவும் சிறிய பலன் அல்ல.

மேடையில் நாம் சொல்வதோ வேறு: பத்து வகுப்புக்குக் குறையாமல் வந்தவர்களிடம் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம். கணக்கு சரிதான். ஆனால் யார் வந்தார்கள்? பெரும்பாலும் நடக்கத் தெம்புள்ளவர், பஸ்ஸுக்குக் காசுள்ளவர், வேலையிலிருந்து விடுப்பு கிடைத்தவர். இவர்கள் யோகா இல்லாமலும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கக்கூடியவர்கள்.

நம் திண்டுக்கல் சமவெளியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பவர் விடியுமுன் தோட்டத்தில் இருப்பார். வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளிக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கு வேலைநேரம் லாரி வரும் நேரம். காலை ஆறு மணிக்குப் பாய் விரித்தால் நம்மிடம் வருவது ஓய்வுபெற்ற நகரவாசிதான். அவருக்குச் சுகர் இறங்கினால் மாவட்டத்துக்கே இறங்கியதாக எழுதிவிடக் கூடாது. பாயில் உட்கார்ந்து எழ முடியாத முட்டிவலிக்காரர் இரண்டாம் நாளே நின்றுவிடுகிறார். அவருக்கு நாற்காலி போட நமக்குத் தோன்றுவதில்லை.

இங்கே நல்ல ஆய்வு செய்ய வழி இருக்கிறது. 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்திலேயே உள்ளது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப் போகிறார். அந்த வருகையோடு பத்து நிமிட மூச்சுப் பயிற்சியைச் சேர்த்துப் பார்க்கலாம். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்யுங்கள். 2009 முதல் அது கட்டாயம். என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், பாயிலா நாற்காலியிலா என்று எழுதுங்கள். இடையில் மாத்திரை கூடியதா என்பதையும் குறியுங்கள். இல்லையெனில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை செய்த வேலைக்குப் பிராணாயாமம் பெயர் வாங்கிக்கொள்ளும்.

இந்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள்: குணமானவர்களின் பட்டியலோடு, பாதியில் நின்றவர்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவை இல்லாத கட்டுரைகளை இனித் திருப்பி அனுப்புவோம்.