வயலில் தவளைச் சத்தம் கேட்கிறதா?

தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. ஆனால் தவளை வாயை மூடிக்கொண்டால் கெடுவது விவசாயி. தாமிரபரணிப் பாசனப் பகுதியில் ஐப்பசி மழை விழுந்து பிசான நடவு தொடங்கினால், இரவில் வரப்பெல்லாம் தவளைச் சத்தம் காதை அடைக்கும். நல்ல மழை பெய்தும் ஒரு வயல் மட்டும் ஊமையாகக் கிடந்தால், அதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது.

தவளையின் தோல் மிக மெல்லியது. அதன் வழியாகவே அது நீரை உறிஞ்சுகிறது. ஓரளவு சுவாசிக்கவும் செய்கிறது. அதன் முட்டைக்கு ஓடு கிடையாது. தலைப்பிரட்டைகள் வயல் தண்ணீரிலேயே வளர்கின்றன. வளர்ந்த தவளை பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. ஆகவே தண்ணீரில் கலந்த நஞ்சும், இரையில் சேர்ந்த நஞ்சும் அதனை எளிதில் தாக்குகின்றன.

எனினும், தவளை இல்லை என்றவுடன் மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டுவது தவறு. வறட்சி, நோய், சிமெண்டு பூசிய வாய்க்கால் ஆகியவையும் தவளையைக் குறைக்கும். சில மருந்துகளுக்குத் தவளையை விட மீனும் நீர்ப்பூச்சியும் முன்னதாகவே மடியும். எந்த மருந்து, எவ்வளவு என்று தவளை சொல்லாது. அதைப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும். தவளை தருவது எச்சரிக்கை மட்டுமே. ஆனால் அதற்குக் காசு செலவில்லை.

மருந்து தெளிப்பதற்கு முன் ஒரு மழை இரவிலும், தெளித்த பின் அதே போன்ற மற்றொரு மழை இரவிலும் வரப்பில் நின்று கேட்கலாம். மருந்தடிக்காத பக்கத்து வயலோடு ஒப்பிடலாம். தலைப்பிரட்டைகளும் மீன்குஞ்சுகளும் சேர்ந்து செத்து மிதந்தால், வேளாண்மை அலுவலரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். அலுவலர்களும் பூச்சிக் கணக்கு எடுக்கும்போது தவளையையும் சேர்த்துக் கணக்கெடுப்பது நல்லது.

இது ஒரு வயலோடு முடிகிற காரியம் அல்ல. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேல்மடை வயலின் வடிநீர் மீண்டும் ஆற்றில் சேர்ந்து கீழ்மடைக்குப் பாய்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் குடிப்பதும் இந்த ஆற்று நீரைத்தான். எனவே தெளிப்பானை வாய்க்காலில் கழுவக் கூடாது. தெளித்த வயலின் தண்ணீரை அன்றே வடித்துவிடவும் கூடாது. பூச்சியின் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டுமே மருந்தடிக்க வேண்டும்.

தவளைக்கால் ஏற்றுமதியை மத்திய அரசு 1987-ல் தடை செய்தது. ஏற்றுமதிக்காகத் தவளை பிடிப்பதைச் சட்டம் நிறுத்தியது. வயலில் அது நஞ்சால் சாவதை நிறுத்துவது விவசாயியின் கையில்தான் இருக்கிறது. கூலி கேட்காமல் பூச்சி பிடிக்கும் வேலைக்காரனை யாராவது விரட்டுவார்களா?