காருக்குள்ள எதுக்குங்க சினிமா கொட்டகை?

மக்களே, புசா ரோடு பக்கம் காருக்கு பெரிய ஸ்கிரீன் மாட்டக் கிளம்பும் முன் ஒரு நிமிஷம்!

கரோல் பாக் கடை ஒன்றில் நான் கேட்டது இவ்வளவுதான்: "பையா, இதுல மேப்பை யார் அப்டேட் பண்ணுவாங்க?" பதிலுக்கு அவர் இந்திப் பாட்டு ஒன்றை ஓட விட்டார். நம்ம ஆட்கள் விழுவதும் இதில்தான். எத்தனை இன்ச், எத்தனை ஜிபி, வீடியோ ஓடுமா? ஓட்டுகிறவர் கண்ணெதிரே படம் ஓடினால், பின்சீட்டுக் குழந்தையின் கதி என்ன சாமி?

'வழி தெரியணுமே' என்பீர்கள். மெமரி கார்டில் அடைத்துத் தரும் மேப் வாங்கிய அன்றே பழசாகத் தொடங்கிவிடும். டில்லியில் ஔரங்கசீப் ரோடு 2015-ல் நம்ம அப்துல் கலாம் ரோடு ஆனது. ரேஸ் கோர்ஸ் ரோடு 2016-ல் லோக் கல்யாண் மார்க் ஆனது. அதற்கு முந்தைய மேப்புக்கு இன்றும் கலாமைத் தெரியாது! கையில் இருக்கும் போனில் மேப் தானாகப் புதுசாகும், தமிழிலேயே வழியும் சொல்லும்.

சட்டமும் தடுக்கவில்லை. 2020 அக்டோபரில் வந்த விதிப்படி, கவனம் சிதறாமல் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம். அரட்டைக்கு இல்லை.

என் கட்சி இதுதான்: போனுக்கு உறுதியான ஸ்டாண்டு போதும். ஸ்கிரீன் வேணும்தான் என்றால் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இருக்கிறதா, ரிவர்ஸ் கேமரா சேருமா என்று மட்டும் பாருங்கள். வயரை வெட்டாமல் கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வெட்டினால் வாரண்டிக்கு வம்பு.

மிச்சப் பணத்தில் குழந்தைக்கு சைல்டு சீட் வாங்குங்க. காரில் முதலில் மாட்ட வேண்டியது அதுதான்!