பழைய கைக்கருவி வாங்கலாமா?

என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் என்னிடம் வந்தாள். "தாத்தா, மூவாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய பாம் பைலட் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! அந்தப் பெயரைக் கேட்டு இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது.

இளைய வாசகர்களுக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம். உள்ளங்கை அளவில் ஒரு கருவி. அதில் விலாசம் எழுதி வைக்கலாம். டெலிபோன் எண் எழுதி வைக்கலாம். எந்தத் தேதியில் என்ன வேலை என்று குறித்து வைக்கலாம். கணக்குப் போடலாம். அவ்வளவுதான். அதில் பேச முடியாது. சினிமா பார்க்க முடியாது.

"அதனால்தான் தாத்தா அது வேண்டும்" என்றாள் பேத்தி. செல்போனில் பரீட்சைத் தேதி பார்க்கப் போகிறாளாம். கண் எங்கோ போகிறதாம். நிமிர்ந்து பார்த்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறதாம்!

என் மகனுக்குக் கோபம். "கையில் இருக்கிற போனிலேயே எல்லாம் இருக்கிறது. காயலான் கடைச் சாமானுக்கு மூவாயிரமா?" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நான் பேத்தியின் பக்கம்தான். வாங்கலாம். ஏமாறாமல் வாங்க வேண்டும். கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? இருக்கிறது. நான் சூடு கண்ட பூனை.

நான் பட்ட பாடு

அப்போது சிவகாசியில் குடியிருந்தேன். தீப்பெட்டிக்கு ஆர்டர் பிடிக்கும் வேலை. ஊர் ஊராகப் போக வேண்டும். நானூறு வியாபாரிகளின் விலாசம் ஒரு நோட்டில் இருந்தது. நோட்டு கந்தலாகிவிட்டது.

1997-ல் சென்னை பர்மா பஜாரில் ஒரு எலெக்ட்ரானிக் டைரி வாங்கினேன். இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கினேன். தமிழ் எழுத்து அதில் கிடையாது. 'சண்முகம்' என்பதை இங்கிலீஷில் எப்படி எழுதினோம் என்று நினைவு வராது. ஒரே ஆளை மூன்று விதமாகத் தேடுவேன். எல்லா விலாசத்தையும் ஏற்ற ஒரு மாதம் ஆயிற்று. ஏற்றி முடித்ததும் பழைய நோட்டைப் பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்!

இரண்டு வருடம் கழித்து எழுத்து மங்கியது. பாட்டரி மாற்ற வேண்டும். பின்பக்கத்தைத் திறந்தேன். காசு போல இரண்டு பாட்டரி இருந்தது. இரண்டையும் கழற்றி மேஜை மேல் வைத்தேன். புதிதாக இரண்டைப் போட்டேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. நானூறு பேரும் போய்விட்டார்கள்!

இரண்டில் ஒன்று வேலை செய்கிற பாட்டரி. மற்றது காவல் பாட்டரி. ஒன்றை மாற்றிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். கூட வந்த சிறு புத்தகத்தில் அது எழுதியிருந்தது. பொடி எழுத்து. இங்கிலீஷ். நான் படிக்கவில்லை. குற்றம் என்னுடையதுதான்.

வியாபாரிகளை மறுபடி தேடிப் பிடித்துவிட்டேன். ஒருவரைத்தான் பிடிக்க முடியவில்லை. அவர் பினாங்கில் கடை வைத்திருந்த நண்பர். என் தங்கை கல்யாணத்துக்குக் கேட்காமலே ஐயாயிரம் ரூபாய் அனுப்பியவர். வீடு மாறிய பிறகு புது விலாசத்தை டெலிபோனில் சொன்னார். அதை அந்தக் கருவியில் மட்டுமே எழுதினேன். அதே வருடம் நானும் மதுரைக்குக் குடி மாறினேன். அவருடைய பழைய விலாசத்துக்கு எழுதினேன். கடிதம் திரும்பி வந்தது. அந்தக் கடன் இன்னும் அடைபடவில்லை.

சட்டைப் பையில் மரக்கட்டை

பேத்தி கேட்கிற பாம் பைலட், நான் வாங்கியதை விட நல்ல ஜாதி. அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் அதை உண்டாக்கினார். செய்வதற்கு முன் ஒரு மரத்துண்டைக் கருவியின் அளவுக்கு வெட்டினார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது "நாளைக்கு வர முடியுமா?" என்று கேட்டால், கட்டையை எடுத்துக் குச்சியால் தட்டிப் பார்ப்பாராம்! எது தேவை, எது வேண்டாம் என்பது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

1996-ல் கருவி விற்பனைக்கு வந்தது. விலை 299 டாலர். சிறிய பென்சில் பாட்டரி இரண்டு போட்டால் பல வாரம் ஓடும். ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பிரதி ஆகிவிடும். எனக்கு அந்தப் பொத்தான் இருந்திருந்தால்!

ஆனாலும் பாட்டரி தீர்ந்தால் அதிலும் எல்லாம் அழிந்துபோகும். பாட்டரி மாற்ற ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான் அவகாசம். பேத்தி இதை மறக்கக் கூடாது.

பிறகு விலை இறங்கியது. 2002-ல் பாம் கம்பெனி 'ஜயர்' என்ற கருவியை 99 டாலருக்கு விற்றது. ஏழைக்கு ஏற்றது என்று பலர் வாங்கினார்கள். இன்று பழைய சாமானாக வாங்குகிறவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பேன். அதன் பாட்டரி உள்ளேயே வைத்து மூடியது. இத்தனை வருடத்தில் அது செத்திருக்கும். கடையில் வாங்கிப் போடுகிற பாட்டரி உள்ள கருவிதான் நமக்கு நல்லது.

என்னைக் கேட்டால் ஹாண்ட்ஸ்பிரிங் 'வைசர்' வாங்கலாம். ஹாக்கின்ஸ் தம் பழைய கம்பெனியை விட்டு வெளியே வந்து 1999-ல் கொண்டுவந்த கருவி அது. அப்போது குறைந்த விலை 149 டாலர். பென்சில் பாட்டரிதான். கம்ப்யூட்டரில் செருகும் முனையும் இப்போது உள்ள யு.எஸ்.பி. ஜாதி. ஆனால் இன்றைய கம்ப்யூட்டரோடு அதைப் பேச வைக்க விவரம் தெரிய வேண்டும். அது பேத்தியின் பாடு.

வாங்கும்போது பாட்டரிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் வேண்டவே வேண்டாம். கண்ணாடியின் நான்கு மூலையிலும் குச்சியால் தட்ட வேண்டும். தட்டிய இடம் ஒன்று, திறப்பது வேறொன்று என்றால் கீழே வைத்துவிட வேண்டும். விற்கிறவர் "வீட்டில் போய்ப் பாட்டரி போட்டுப் பாருங்கள்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்!

இன்னொன்று. அதன் நாட்காட்டி 2031-ம் வருடத்தோடு முடிகிறது. பேத்தியின் படிப்புக்கு அது போதும்.

தமிழ் எங்கே?

இதிலும் வாங்கியபடியே தமிழ் கிடையாது. எழுதுவதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். 'ஏ' எழுத நடுக்கோடு போடக் கூடாது. கூரை மாதிரி வரைந்து விட்டுவிட வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆகும்படி நம் நாட்டிலேயே ஒன்று செய்தார்கள். பெங்களூர் விஞ்ஞானிகள் செய்த 'சிம்ப்யூட்டர்'. எழுத்தைப் பேசிக் காட்டும். ஒரே கருவியை ஊரில் பலர் பங்கு போட்டுக்கொள்ள அட்டை வசதி உண்டு. நல்ல யோசனை! ஆனால் 2004-ல் விற்பனைக்கு வந்தபோது குறைந்த விலையே ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். கூலிக்காரர் எப்படி வாங்குவார்? அது பரவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஒரு கருவியைப் பார்க்கப் போனாள். ஆயிரத்து ஐந்நூறு சொன்னார்களாம். பாட்டரிப் பெட்டியைத் திறந்தாளாம். களிம்பு! வேண்டாம் என்று வந்துவிட்டாள். வரும் வழியில் நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கி வந்தாள். கருவி கிடைக்கிற வரைக்கும் அதில் எழுதுகிறாளாம். கிடைத்த பிறகும் அதைப் பேப்பர்காரரிடம் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.