இறுக்கினால் ஒழுக்கு நிற்காது!

"மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறியேப்பா, நம்ம லாரி சம்ப்ல ஆயில் ஒழுகுது, ஏன்னு சொல்லு பார்ப்போம்" என்று ஊரில் ஒருவர் கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? டீசல் சைக்கிளுக்குப் படம் போடுவோம், சூத்திரம் எழுதுவோம். சம்ப் பேக்கிங் மாற்றுவதா? அது பட்டறைப் பையன் வேலை என்று ஒதுங்கிவிடுவோம். அப்படி ஒதுங்குவது தவறு என்பதே என் கட்சி.

என் அப்பா லாரி டிரைவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் நின்று வேலை பார்த்திருக்கிறேன். டாடா 1210, லேலண்டு காமெட் போன்ற பழைய வண்டி ஒழுகிக்கொண்டு வந்தால் முதல் வைத்தியம், "இன்னும் ரெண்டு சுத்து இறுக்குடா!" அதற்கும் நிற்காவிட்டால் பேஸ்டை அப்புவது. இரண்டுமே நோயை வளர்க்கும் வைத்தியம்தான்.

ஏன் என்கிறீர்களா? சம்ப் பேக்கிங் பெரும்பாலும் கார்க். அது அளவாக அமுங்கினால்தான் எண்ணெயை அடைக்கும். அளவு மீறி இறுக்கினால் பிதுங்கிக் கிழியும். தகடாலான சம்பின் விளிம்பும் போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்துவிடும். பிறகு எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் இரண்டு போல்ட்டுக்கு நடுவே சந்து இருந்துகொண்டே இருக்கும். அதிகமாக அப்பிய பேஸ்ட் உள்ளே பிதுங்கி விழுந்தால், ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்து பேரிங்கையே காவு வாங்கும்.

சரியான முறை ஒன்றும் பெரிய வித்தையல்ல. முதலில் துடைத்துவிட்டு, ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மேலே டாப்பெட் கவரில் கசிந்த எண்ணெய் கீழே வழிந்து, பழி சம்ப் மேல் விழுவதுண்டு. பிரீதர் அடைத்திருந்தால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கையும் தாண்டிக் கசியும். சம்பைக் கழற்றியதும் பழைய பேக்கிங்கைச் சுரண்டி, விளிம்பை மட்டப்பலகை வைத்துப் பார்த்து, குழிந்த இடத்தைத் தட்டி நேராக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து இருபுறமும் மாறி மாறி, இரண்டு மூன்று தவணையாக, கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும். அவ்வளவுதான்!

"ஒரு சொட்டுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாம். 10 விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 8,640 சொட்டு! ஒற்றை லாரியைக் கடனில் ஓட்டுகிறவருக்கு அது காசு. கவனிக்காமல் ஆயில் குறைந்து இன்ஜின் பிடித்துக்கொண்டால் அவர் பிழைப்பே போச்சு. சாலையில் சிந்தினால் பின்னால் பைக்கில் வருபவரின் உயிர். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதும் குற்றமே. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுத்திருக்கிறானே, அந்தப் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே? ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் போகாதே என்று அவனுக்கு யார் சொல்வது?

நாம்தான் சொல்ல வேண்டும். பட்டறை மேஸ்திரிக்குக் கைப்பழக்கம் இருக்கிறது, நமக்குக் காரணம் தெரிகிறது. இரண்டும் சேராததால்தான் ஒழுக்கு நிற்கவில்லை. ஆகவே என் வேண்டுகோள் இது. அலமாரியில் பூட்டியிருக்கும் டார்க் ரென்ச் வெளியே வரட்டும். பழைய இன்ஜின் ஒன்றை ஸ்டாண்டில் ஏற்றி, ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒருமுறையாவது சம்பைக் கழற்றி மாட்டட்டும். அதற்குச் செய்முறை மதிப்பெண்ணும் தரட்டும்.

கையில் கரி படுவது கேவலமில்லை நண்பர்களே! படித்த படிப்பு ஒரு சொட்டு எண்ணெயைக்கூட நிறுத்தாவிட்டால், அதுதான் கேவலம்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை