தட்டு முன்னாடி யார் உட்காருவது?

'குண்டாயிடுவேன்' என்று பயந்து சோற்றை ஒதுக்கிக்கொண்டே போகிற நோய்க்கு அனோரெக்சியா என்று பெயர். நம் ஊரில் அதற்குப் பெயர் திமிர்!

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் போதும் என்று வீட்டில் நினைக்கிறாங்க. போதாது என்பதே என் கட்சி. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையில், என்ன, எவ்வளவு சாப்பிடணும் என்பதை முதலில் அம்மா அப்பாதான் முடிவு செய்வாங்க. பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்கணும். திட்டக்கூடாது. நோய்க்குப் பெற்றோர்தான் காரணம் என்று அங்கே பழி போடுவதும் இல்லை. உடம்பு தேறத் தேற, பொறுப்பு மெல்லப் பிள்ளை கைக்கே திரும்பும்.

இதை வெள்ளைக்காரர் வழக்கம் என்று தள்ளிடாதீங்க. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், எந்த மனநோய்க்குச் சேர்ந்தாலும் வீட்டார் ஒருவர் கூடவே தங்கணும். 1950களில் தொடங்கிய வழக்கம் அது.

சரி, அப்பாவுக்கு நைட் ஷிஃப்டு, அம்மாவுக்கு முந்திரி உடைக்கிற வேலை. மூணு வேளையும் எப்படி முடியும்? ஆயா, சித்தி, அண்ணன் என்று முறை வைத்துக்கொள்ளலாமே! மதியச் சாப்பாட்டுக்குத் தோழிகள் நாம் இருக்கிறோம். உட்கார்ந்ததும் "என்னடி, பூசினாப்ல ஆயிட்டே" என்று மட்டும் ஆரம்பிக்காதீங்க.